மலைக்கு அந்தப் பக்கம் நிக்கிறவன்கிட்ட எப்படி பேசுறது

2023 ஏப்ரல் 26ஆம் தேதி, செவ்வாய் கிரகத்துல இன்ஜெனுவிட்டின்னு ஒரு குட்டி ஹெலிகாப்டர் 52ஆவது தடவ பறந்து முடிச்சு கீழ எறங்குற நேரத்துல லைன் கட் ஆயிருச்சு. எறங்குச்சா விழுந்துச்சான்னு ஒருத்தருக்கும் தெரியல. ஹெலிகாப்டர் நேரா பூமிகிட்ட பேசாது, பக்கத்துல இருக்க பெர்சிவரன்ஸ் ரோவர்கிட்டதான் பேசும், ரெண்டுக்கும் நடுவுல ஒரு மேடு வந்து மறைச்சிருச்சு, அவ்வளவுதான் விஷயம். ரோவர் ஊர்ந்து ஊர்ந்து அந்த மேட்டு மேல ஏறினதும் ஜூன் 28ஆம் தேதி சிக்னல் வந்துருச்சு. 63 நாள் கழிச்சு. ஹெலிகாப்டருக்கு ஒரு கேடும் இல்ல, பாட்டுக்கு உக்காந்திருந்திருக்கு.

நான் மைக்ரோவேவ் லிங்க் வேல பாக்குறவன். டவருக்கு டவர் டிஷ் மாட்டி அலைன் பண்றது. களக்காட்டுல இருந்து பணகுடி, ராதாபுரம் வரைக்கும் நம்ம ஏரியா, மேக்க பாத்தா மல, தெக்க பாத்தா கரண்டு எடுக்குற காத்தாடி, இது ரெண்டுக்கும் நடுவுல ஒரு நேர்கோடு கண்டுபிடிக்கிறதுதான் நம்ம சோலி. அந்த ஹெலிகாப்டர் சேதிய டவர் ஏறுற ரிக்கர் தம்பி ஒருத்தன்கிட்ட சொன்னப்ப அவன் கேட்ட முத கேள்வி, "லைன் ஆஃப் சைட் இல்லாத எடத்துல கொண்டு எறக்கிருக்கானுவ, சர்வே பண்ணவன் எவன் அண்ணாச்சி?" லைன் ஆஃப் சைட்னா ஒண்ணுக்கொண்ணு நேரா தெரியுறது. சரியான கேள்விலா.

விண்வெளின்னா நம்மாளுக ராக்கெட்ட பத்தி பேசுவாங்க. மகேந்திரகிரி பக்கத்துலயே இருக்கு, எல்.வி.எம்.3 ராக்கெட்டோட திரவ எஞ்சினும் கிரையோ எஞ்சினும் அங்கதான் டெஸ்ட் ஆவுது, காவல்கிணறு, பணகுடி பக்கம் எந்த டீக்கடையில வேணாலும் அத பத்தி ரெண்டு பேரு பேசிட்டுதான் இருப்பாங்க. இப்ப குலசேகரன்பட்டினத்துல ஏவுதளம் வேற வருது. நல்லதுதான், எனக்கும் பெருமதான். ஆனா போன மெஷினு அங்கன இருந்து என்ன பாத்துச்சுன்னு நமக்கு வந்து சேரணும்ல? அத கொண்டு வர்ற, நடுவுல நிக்கிற ரிலே சாட்டிலைட்ட பத்தி ஒருத்தரும் மூச்சு விடுறதில்ல. அதுக்கு ஒரு போஸ்டர் கூட கெடையாது. அதான் இத எழுத உக்காந்தேன்.

முதல்ல ஏன் ரிலே வேணும்ங்கிறத பாத்துருவோம், இது வெறும் கணக்கு. செவ்வாய் நமக்கு ரொம்ப தள்ளிப் போற நேரத்துல 40 கோடி கிலோமீட்டர் தூரத்துல இருக்கும். செவ்வாய சுத்துற ஆர்பிட்டர் ரோவர் தலைக்கு மேல 400 கிலோமீட்டர் உயரத்துல போகும். தூரம் 10 லட்சம் மடங்கு கம்மி. சிக்னல் தூரத்தோட வர்க்கத்துக்கு தக்கன தேயும், அப்பம்னா கெடைக்கிற பவர்ல லட்சம் கோடி மடங்கு வித்தியாசம். ரோவர்ல பெரிய டிஷ் வைக்க முடியாது, கரண்டும் கொஞ்சம்தான், குளுர்ல சாகாம இருக்கவும் அதுல கொஞ்சம் போயிரும். க்யூரியாசிட்டி ரோவர் நேரா பூமிக்கு பேசினா செகண்டுக்கு 500 பிட்டுல இருந்து 32,000 பிட் வரைக்கும்தான் போகும். அதே ரோவர் தலைக்கு மேல போற, நாசாவோட எம்.ஆர்.ஓ. ஆர்பிட்டர்கிட்ட பேசினா 20 லட்சம் பிட் வரைக்கும் தள்ளும். அந்த ஆர்பிட்டர் ஒரு தடவ வானத்துல தெரியுறது எட்டு நிமிஷம் போலதான், அந்த எட்டு நிமிஷத்துல 25 கோடி பிட் வரைக்கும் ஏத்தி விட்டுரும். அதையே நேரா பூமிக்கு அனுப்பணும்னா 20 மணி நேரம் வரைக்கும் ஆவும், ரோவரால ஒரு நாளைக்கு சில மணி நேரம்தான் அப்படி பேசவும் முடியும்.

இன்னொரு வசதியும் இருக்கு, எங்க தொழில்காரங்களுக்கு இது உடனே புரியும். ரோவர் ஆர்பிட்டர்கிட்ட பேசுறது 400 மெகாஹெர்ட்ஸ் பக்கத்துல, யூ.எச்.எஃப். அதுக்கு டிஷ்ஷ குறி பாத்து திருப்ப வேண்டிய வேலையே கெடையாது, சும்மா நட்டு வச்ச ஒரு ஆன்டெனா போதும், வானத்துல எங்க ஆர்பிட்டர் வந்தாலும் கேக்கும். குறி பாக்குற கஷ்டம் பூரா மேல இருக்கவன் தலையில. அவன்கிட்ட பெரிய டிஷ் இருக்கு, எம்.ஆர்.ஓ.வோடது 3 மீட்டர் டிஷ், பூமிய நோக்கி திருப்பி வச்சுக்குவான்.

டிஷ் திருப்புறது சின்ன விஷயம்னு நெனைக்காதீங்க. நாங்க அலைன் பண்றப்ப, மேல ரிக்கர் தம்பி அவுட்டோர் யூனிட்டுல ஒரு மல்டிமீட்டர சொருகி வோல்டேஜ் பாத்துக்கிட்டே ஒரு போல்ட்ட தளத்தி இன்னொன்ன இறுக்கி டிஷ்ஷ மயிரிழை மயிரிழையா தள்ளுவான், வோல்டேஜ் ஏறும், ஒரு எடத்துல உச்சிக்கு போயி எறங்கும். "அண்ணாச்சி, பீக் வந்துட்டு, லாக் பண்ணிரவா?"ன்னு போன்ல கத்துவான், ஆடி மாசக் காத்துல பாதி சத்தம்தான் கேக்கும். "ஏலே, பொறு, அது சைட் லோப்பா இருக்கும், இன்னும் வலத்த தள்ளிப் பாரு." சைட் லோப்னா மெயின் பீமுக்கு பக்கத்துல சிந்துற சின்ன பீம். தள்ளுவான், வோல்டேஜ் சுத்தமா விழும், இன்னும் தள்ளுனா திடீர்னு முன்னத்த உச்சிய விட மேல ஏறும். அதாம் நெசமான பீம். சைட் லோப்புல பூட்டிட்டு எறங்கிட்டா லிங்க் வேல செய்யுற மாதிரியே இருக்கும், மொத மழைக்கு செத்துரும். இந்த சைட் லோப் பின்னால ஒரு எடத்துல திரும்ப வரும், நெனப்புல வச்சுக்கோங்க.

1976ல நாசாவோட வைக்கிங் செவ்வாய்ல எறங்குனப்பவே மேல ஆர்பிட்டர், கீழ லேண்டர்ங்குற ஏற்பாடுதான். பொறவு ஆர்பிட்டர் ரெண்டும் 1980க்குள்ள ஓஞ்சு போச்சு, வைக்கிங் 1 லேண்டர் மட்டும் தன்னோட சொந்த டிஷ்ஷ வச்சு நேரா பூமிகிட்ட பேசிக்கிட்டு கெடந்துச்சு. 1982 நவம்பர்ல பூமில இருந்து அனுப்புன ஒரு தப்பான கமாண்டு, டிஷ் எங்கிட்டு பாக்கணும்ங்கிற கணக்கு இருந்த மெமரி மேலயே போயி ஒக்காந்துருச்சு. டிஷ் திரும்பிருச்சு, கத முடிஞ்சு போச்சு. ஆனா ஆறு வருஷம் ஓடுனதே பெரிசு.

2004ல ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டின்னு ரெண்டு ரோவர் செவ்வாய்ல எறங்குனப்பதான் ரிலேவோட மவுசு தெரிஞ்சுது. ரெண்டுத்துலயும் நேரா பூமிக்கு பேச டிஷ் இருந்துச்சு. ஆனா மேல ஒடிசி ஆர்பிட்டர் சுத்திக்கிட்டு இருந்துச்சு, அது வழியா அனுப்பி பாத்தா கொட்டுது. கடைசில டேட்டால 90 சதவீதத்துக்கு மேல அந்த வழியாத்தான் வந்துச்சு. அதுல இருந்து செவ்வாய்ல எறங்குற எதுவும் ரிலே இல்லாம பொழப்ப ஓட்டலாம்னு நெனைச்சதே இல்ல.

ரிலே இன்னொரு வேலையும் பாக்கும், அது சாவுக்கு சாட்சி சொல்றது. 1999ல மார்ஸ் போலார் லேண்டர் எறங்குறப்ப ஒரு தகவலும் அனுப்பாம எறங்குற மாதிரி டிசைன் பண்ணிட்டாங்க, துட்டு மிச்சம் பண்ண. விழுந்துருச்சு. ஏன் விழுந்துச்சுன்னு இன்னைக்கும் உறுதியா சொல்ல ஆள் இல்ல, யூகம்தான். 2003 கிறிஸ்துமஸ் அன்னைக்கு பிரிட்டன்காரங்களோட பீகிள் 2 லேண்டர் எறங்குச்சு, சத்தமே இல்ல, நொறுங்கிட்டுன்னு எல்லாரும் முடிவு கட்டிட்டாங்க. 2015 ஜனவரில வந்த சேதி, எம்.ஆர்.ஓ. முன்ன எடுத்த படத்துல பாத்தா முழுசா உக்காந்திருக்கு! சோலார் தட்டு எல்லாம் விரியல, கடைசி தட்டுக்கு அடியிலதான் ஆன்டெனா. எறங்குற பெரிய சோலிய ஒழுங்கா முடிச்சிட்டு, பேச வாயில்லாம செத்துருக்கு. இத படிச்ச அன்னைக்கு எனக்கு சோறு எறங்கல. பூட்டுன ஆன்டெனா டிசைனுக்கு கையெழுத்து போட்டது யாருன்னு ஒரு கோவம் வேற.

2016 அக்டோபர்ல ஐரோப்பாவோட ஸ்கியாபரெல்லி லேண்டரும் மோதித்தான் போச்சு, ஆனா எறங்குறப்ப அது பேசிக்கிட்டே எறங்குச்சு, மேல டிரேஸ் கேஸ் ஆர்பிட்டர் அத பூரா புடிச்சு வச்சுது. நம்ம புனே பக்கத்துல இருக்க ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கியும் அந்த மெல்லிசு யூ.எச்.எஃப். சிக்னல நேரா செவ்வாய்ல இருந்தே புடிச்சுது, இது எத்தன பேருக்கு தெரியும்னு தெரியல. ஆர்பிட்டர் சேத்து வச்ச டேட்டாவ வச்சு, சுழற்சிய அளக்குற சென்சார் உச்சத்துல முட்டி நின்னுருச்சு, கம்ப்யூட்டர் தரைக்கு கீழ போயிட்டோம்னு தப்பா கணக்கு போட்டு பாராசூட்ட கழட்டி விட்ருச்சுன்னு கண்டுபிடிச்சாங்க. தோத்தாலும் காரணம் கையில வந்துருச்சு.

இப்ப டைட்டன் கதைக்கு வாரேன், எனக்கு ரொம்ப புடிச்ச கத இதுதான், கொஞ்சம் நீட்டுவேன்.

ஹைகன்ஸ்னு ஐரோப்பாக்காரங்க செஞ்ச ஒரு ஆய்வுக்கலம், சனியோட நிலாவான டைட்டன்ல எறங்கணும். நாசாவோட கசினி கலம் அத 1997ல சொமந்துட்டு கெளம்புச்சு. ஹைகன்ஸ் பேசும், கசினி கேட்டு வச்சு பூமிக்கு அனுப்பும், அதான் ரிலே. போரிஸ் ஸ்மெட்ஸ்னு ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்துல ஒரு சுவீடன்கார இன்ஜினியர். கலம் பாதி வழியில போயிட்டு இருக்கு, இவரு அந்த ரிசீவர நெசமான நெலமையில ஒரு தடவ டெஸ்ட் பண்ணணும்னு புடிவாதம் புடிச்சாரு, தேவையில்லன்னு சொன்னவங்க உண்டு. 2000 பிப்ரவரில கலிபோர்னியா கோல்ட்ஸ்டோன் ஸ்டேஷன்ல இருந்து ஹைகன்ஸ் மாதிரியே ஒரு சிக்னல கசினிக்கு அனுப்புனாரு, டாப்ளர் மாத்தத்தையும் சேத்து, அதாவது கலம் ஓடுற வேகத்தால அலைவரிசை மாறுறதையும். அந்தப் பக்கம் டேட்டா குப்பையா வந்துச்சு.

காரணம் இதான். ரெண்டு கலமும் ஒண்ணுக்கொண்ணு செகண்டுக்கு அஞ்சரை கிலோமீட்டர் வேகத்துல நெருங்குறப்ப அலைவரிசை மேல ஏறும், அத ரிசீவர் சமாளிக்கிற மாதிரி செஞ்சிருந்தாங்க. ஆனா நெருங்குறப்ப அலைவரிசை மட்டுமா நெருக்குது, அதுல வர்ற பிட்டுகளும்தான கொஞ்சம் வேகமா வந்து சேருது? அத எவனும் கணக்குல எடுக்கல. ரிசீவர் பிட்ட எண்ணுற தாளம் தப்பிப்போச்சு. சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணலாமான்னா, அந்த செட்டிங்க தூரத்துல இருந்து மாத்த முடியாத மாதிரி எழுதி வச்சுட்டாங்க. கலம் கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் போயிட்டு, ஸ்குரூடிரைவர் கொண்டு போவவா முடியும்?

அப்ப அவங்க செஞ்சதுதான் வித்த. ரிசீவர மாத்த முடியாது, கலம் போற பாதைய மாத்தலாம்ல? கசினி டைட்டன ஒட்டி 1,200 கிலோமீட்டர்ல போறதா இருந்துச்சு, அத சுமார் 60,000 கிலோமீட்டர் தள்ளிப் போக வச்சாங்க, ஹைகன்ஸ அவுத்து விடுற தேதியயும் மாத்துனாங்க. இப்ப ஹைகன்ஸ் எறங்குறத கசினி எதுத்தாப்ல இருந்து பாக்காம பக்கவாட்டுல இருந்து பாக்கும், நெருங்குற வேகம் கொறையும், டாப்ளர் கொறையும், ரிசீவர் தாங்கும். ஒரு ரேடியோ தப்புக்கு வைத்தியமா கிரகத்த சுத்துற பாதையயே வளைச்சிருக்காங்க. 2005 ஜனவரி 14ஆம் தேதி ஹைகன்ஸ் எறங்கிச்சு. அம்புட்டு பாடுபட்டும் ரெண்டு சேனல்ல ஒண்ணு போச்சு, அதோட ரிசீவர ஆன் பண்ணுற கமாண்டு லிஸ்ட்டுலயே விட்டுப்போச்சு. 700 படம் வர வேண்டியது 350 பக்கம்தான் வந்துச்சு. காத்து வேகத்த அளக்குற சோதன பூரா அந்த செத்த சேனல நம்பி இருந்துச்சு. ஆனா பூமில இருந்த ரேடியோ தொலைநோக்கிங்க, அமெரிக்காவுல கிரீன் பேங்க், ஆஸ்திரேலியாவுல பார்க்ஸ், இதெல்லாம் 120 கோடி கிலோமீட்டர் தள்ளி இருந்து வந்த அந்த சிணுங்கல புடிச்சு வச்சிருந்துச்சு, அத வச்சே காத்த அளந்துட்டாங்க.

டெஸ்ட் வேண்டாம்னு சொல்றவன் எல்லா ஆபீஸ்லயும் இருப்பான். எங்க பக்கமும் ஒரு கம்பெனில மழைக்காலத்துக்கு முன்ன, சிக்னல் எவ்வளவு தேஞ்சாலும் தாங்கும்னு பாக்குற லிங்க் மார்ஜின் டெஸ்ட்டுக்கு பட்ஜெட் இல்லன்னு சொல்லிட்டாங்க, ஐப்பசி மழையில எத்தன சைட்டு படுத்துச்சுன்னு அவங்களுக்கே தெரியும். சரி, அத விடுங்க.

நிலாவுக்கு வருவோம். விஜயநாராயணம் பக்கம் போயிருக்கவங்களுக்கு தெரியும், அங்க கடற்படையோட ஐ.என்.எஸ். கட்டபொம்மன் இருக்கு, 471 மீட்டர் உயர டவரு ரெண்டு, இந்தியாவுலயே ஒசரமான கட்டுமானம். அங்கேருந்து ரொம்ப தாழ்ந்த அலைவரிசையில கடலுக்கு அடியில கெடக்குற நீர்மூழ்கிக்கு சேதி அனுப்புவாங்க. அந்த அலை பூமிக்கும், வானத்துல ஒசக்க மின்னூட்டத்தோட இருக்க அயனமண்டலம்ங்கிற அடுக்குக்கும் நடுவுல தவழ்ந்தே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும். ஷார்ட்வேவ் ரேடியோல உலகமெல்லாம் கேட்டதும் அயனமண்டலத்துல முட்டி திரும்புன அலைதான். பூமில இருக்கவனுக்கு வளைவு தாண்டி பேச இப்படி ஒரு கூர இலவசமா கெடைச்சிருக்கு. நிலாவுல அப்படி சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் கெடையாது. நிலாவோட பின்பக்கம் நமக்கு என்னைக்குமே தெரியாது, அங்க எறங்குனவன் எவ்வளவு பவர் போட்டு கத்துனாலும் பூமிக்கு கேக்காது.

அதுக்குத்தான் சீனாக்காரன் லேண்டருக்கு முன்னாடியே ரிலேவ அனுப்புனான். 2018 மே மாசம் சுவேசியாவ் சாட்டிலைட் போச்சு, நிலாவுக்கு அப்பால சுமார் 65,000 கிலோமீட்டர்ல ஒரு எடம் இருக்கு, பூமி இழுப்பும் நிலா இழுப்பும் சேந்து அங்கன சுத்துறத நிலாவோடயே கூட்டிட்டுப் போகும், அந்த எடத்த சுத்தி ஒரு பெரிய வளையத்துல அத நிறுத்துனாங்க. வளையம் எதுக்குன்னா, நேரா அந்த எடத்துலயே நின்னா நிலா பூமிய மறைச்சிரும், கொஞ்சம் விலகி சுத்துனா நிலாவோட விளிம்புக்கு வெளிய பூமி தெரியும், பின்பக்கமும் தெரியும். குட மாதிரி விரியுற 4.2 மீட்டர் டிஷ். அது நின்னு ஆடாம வேல செய்யுதுன்னு பாத்த பொறவுதான் சாங்'அ 4 லேண்டர் கெளம்புச்சு, 2019 ஜனவரி 3ஆம் தேதி பின்பக்கத்துல எறங்குச்சு, அதுக்கு முன்ன அங்க ஒருத்தரும் எறங்குனதில்ல. 2024 மார்ச்ல ரெண்டாவது ரிலே, ஜூன்ல சாங்'அ 6 பின்பக்கத்துல எறங்கி கிட்டத்தட்ட ரெண்டு கிலோ மண்ண அள்ளிட்டு வந்துருச்சு. அரசியல் எப்படியோ போகட்டும், மொதல்ல டவர் போட்டு பொறவு சிம் வித்திருக்கான், அந்த வரிசைக்கு நான் மார்க் போடுவேன்.

நம்ம கதையும் இருக்கு. 2019 செப்டம்பர்ல சந்திரயான்-2ஓட விக்ரம் லேண்டர் மோதிருச்சு, நாடே அழுதுச்சு, மேல ஆர்பிட்டர் பத்திரமா சுத்திட்டு இருந்தத பாதி பேரு கவனிக்கல. ஒரு வருஷம்னு போட்ட ஆர்பிட்டர், எரிபொருள் மிச்சமானதால ஏழு வருஷம் போல தாங்கும்னு இஸ்ரோ சொல்லுச்சு. 2023 ஆகஸ்ட் 21ஆம் தேதி, சந்திரயான்-3 எறங்குறதுக்கு ரெண்டு நாள் முன்ன, பழைய ஆர்பிட்டரும் புது லேண்டரும் ரெண்டு பக்கமும் பேசிக்கிட்டதா இஸ்ரோ சொல்லுச்சு, "வா நண்பா"ன்னு வரவேத்துச்சாம். அவசரத்துக்கு அதுதான் மாத்து வழி. பிரக்யான் ரோவர் லேண்டர்கிட்ட மட்டும்தான் பேசும், லேண்டர் பெங்களூரு பக்கத்துல பியாலாலுல இருக்க 32 மீட்டர் டிஷ்கிட்ட பேசும், அது முடியலன்னா பழைய ஆர்பிட்டர் வழியா. தோத்ததுன்னு எழுதி வச்ச மிஷன்ல மிச்சமிருந்தது, ஜெயிச்ச மிஷனுக்கு காவலுக்கு நின்னுச்சு.

பேச்சு இருக்கட்டும், எடம் தெரியணும்ல. நாம எங்க நிக்கோம்னு ஜி.பி.எஸ். சொல்லும், செவ்வாய்ல யாரு சொல்லுவா? அங்கயும் ரிலேதான். ஆர்பிட்டர் தலைக்கு மேல போறப்ப அலைவரிசை ஏறி எறங்கும், எந்த நொடியில எவ்வளவு ஏறுச்சு எறங்குச்சுன்னு பாத்தா ரோவர் எங்க இருக்குன்னு கணக்கு போடலாம். 1957ல ஸ்புட்னிக் போனப்ப அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வகத்துல ரெண்டு பேரு அத வச்சு சாட்டிலைட் பாதைய கண்டுபிடிச்சாங்க, பொறவு தலைகீழா திருப்பி, சாட்டிலைட் பாதை தெரிஞ்சா நிக்கிற எடம் தெரியும்னு புரிஞ்சுக்கிட்டாங்க, ஜி.பி.எஸ்.ஸுக்கு முந்தின டிரான்சிட் அப்படி வந்ததுதான். ஹைகன்ஸ கவுக்க பாத்த அதே டாப்ளர், ஸ்பிரிட் எறங்குன எடத்த காட்டிக்குடுத்துச்சு. தெனசரி நகர்றதுக்கு ரோவர் கேமராவுல கல்ல பாத்து பாத்து தன்னோட எடத்த கணக்கு போட்டுக்கும், அது தனிக் கத.

நம்ம ஊருக்கு ஜி.பி.எஸ்.ல ஒரு தனித் தொல்ல உண்டு. காந்த நடுக்கோடு நம்ம பக்கத்துலதான் போவுது, அதுனாலதான் கிருஷ்ணாபுரத்துல இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் ஒரு ஆய்வகமே வச்சிருக்கு. கிருஷ்ணாபுரம்னா எல்லாரும் கோயில் சிற்பத்த பாக்க போவாங்க, வானத்துல அயனமண்டலத்த பாக்குறவங்க பக்கத்துலயே இருக்காங்கன்னு தெரியாது. பொழுது சாஞ்ச பொறவு, குறிப்பா பங்குனி, புரட்டாசி சமயத்துல, இந்த அயனமண்டலம் குமிழ் குமிழா கொதிச்சு ஜி.பி.எஸ். சிக்னல ஆட்டி வைக்கும். விமானங்களுக்காக ஜி.பி.எஸ். பிசக திருத்துற ககன் சிஸ்டத்த நம்மாளுக போட்டப்ப அயனமண்டலத்துக்குன்னே தனியா மாடல் எழுத வேண்டி வந்துச்சு.

நிலாவுல அந்தத் தொந்தரவு இல்ல, ஆனா சாட்டிலைட்டே இல்லையே. ஜி.பி.எஸ். சாட்டிலைட் ஆன்டெனா பூமிய பாத்து கவுந்திருக்கும். பூமிக்கு அந்தப் பக்கம் இருக்க சாட்டிலைட்டோட பீம், பூமி விளிம்ப தாண்டி கொஞ்சம் வழியும், அதோட சைட் லோப்பும் வரும். 2025 மார்ச் 2ஆம் தேதி புளூ கோஸ்ட்னு ஒரு தனியார் கம்பெனி லேண்டர் நிலாவுல எறங்குச்சு, அதுல லுகர்னு நாசாவும் இத்தாலியும் சேந்து செஞ்ச ரிசீவர். மறுநாளே ஜி.பி.எஸ்.ஸையும் ஐரோப்பாவோட கலிலியோவையும் நிலாத் தரையில இருந்து புடிச்சுருச்சு. எங்கள டவர்ல ஏமாத்துற சைட் லோப் இருக்கே, சிந்துற சிக்னல்ல எடம் பாக்குறவனுக்கு அதான் சோறு.

ஆனா எல்லா சாட்டிலைட்டும் ஒரே தெசையில, பூமிப் பக்கமாவே இருக்கும், துல்லியம் சுமார்தான், தென்துருவப் பள்ளத்துல பாதி மறைஞ்சும் போகும். அதுனால ஐரோப்பா மூன்லைட்னு அஞ்சு சாட்டிலைட் திட்டம் போட்டிருக்கு, நாலு வழி காட்ட, ஒண்ணு பேச. நாசாவும் ஐரோப்பாவும் ஜப்பானும் சேந்து எல்லாரு மெஷினும் ஒரே மாதிரி பேசுறதுக்கு லூனாநெட்னு பொது விதி எழுதுறாங்க. கடிகாரப் பஞ்சாயத்து வேற இருக்கு. ஈர்ப்பு கம்மியா இருக்கதால நிலாவுல கடிகாரம் ஒரு நாளைக்கு 56 மைக்ரோ செகண்டு போல முந்தும். ஒரு மைக்ரோ செகண்டுல ஒளி 300 மீட்டர் போகும், அப்பம்னா ஒரு நாள் கண்டுக்காம விட்டா தூரக் கணக்குல 17 கிலோமீட்டர் பிசகும். பாளையங்கோட்டைல நிக்கிறவன சேரன்மகாதேவி பக்கத்துல நிக்கிறதா காட்டும். அதான் நிலாவுக்கு தனி நேரம் உண்டாக்கச் சொல்லி 2024 ஏப்ரல்ல அமெரிக்க அரசு நாசாவுக்கு எழுதுச்சு.

இனி நம்ம வயித்தெரிச்சல் பகுதி. செவ்வாய்ல இன்னைக்கு ரிலே பாக்குற ஒண்ணு கூட ரிலேவுக்குன்னு மட்டும் செஞ்சதில்ல. எல்லாமே ஆராய்ச்சிக்குப் போனது, கூட ஒரு ரேடியோவ மாட்டி விட்டுட்டாங்க. ஒடிசி 2001ல போனது, எரிபொருள் அடிவயித்துக்கு வந்துருச்சு. எம்.ஆர்.ஓ. 2006ல இருந்து சுத்துது. மேவன் காத்துமண்டலத்த ஆராய போனது, 2019ல அத தாழ எறக்கி ரிலேக்கு தோதா ஆக்குனாங்க, 2025 டிசம்பர்ல செவ்வாய்க்கு பின்னால போயிட்டு வெளிய வந்தப்ப சத்தமே வரல. ரிலேவுக்குன்னே ஒரு மார்ஸ் டெலிகம்யூனிகேஷன்ஸ் ஆர்பிட்டர 2009ல அனுப்புறதா இருந்தாங்க, 2005லயே பட்ஜெட்ட காட்டி தூக்கிட்டாங்க. இருபது வருஷம் கழிச்சு 2025ல அமெரிக்க நாடாளுமன்றம் அதே பேர்ல ஒண்ணுக்கு 70 கோடி டாலர் ஒதுக்கிருக்கு. தரைக்கு மேல 17,000 கிலோமீட்டர்ல நிறுத்துனா செவ்வாய்க்கு அது ஒரே எடத்துல நிக்கிற மாதிரி இருக்கும், எட்டு நிமிஷ ஓட்டப்பந்தயம் வேண்டாம். தூரம் கூடுறதால டிஷ்ஷும் குறி பாக்குறதும் திரும்ப வரும், அதுக்கு அது, இதுக்கு இது.

இந்தியாவுக்கும் இது அவசரம்தான். சந்திரயான்-5 ஜப்பானோட சேந்து தென்துருவத்துக்கு போகப் போவுது. துருவத்துல நின்னு பாத்தா பூமி அடிவானத்த ஒட்டியே மேலயும் கீழயும் ஆடும், ரெண்டு வாரம் போல தெரியும், ரெண்டு வாரம் போல முங்கும், நடுவுல ஒரு மல இருந்தா இன்னும் மோசம். பழைய சந்திரயான்-2 ஆர்பிட்டர் அதுவரைக்கும் தாங்கும்னு நம்பி உக்கார முடியாது. நமக்குன்னு ஒரு ரிலே, நீள்வட்டமா தெக்கு துருவத்துக்கு மேல ரொம்ப நேரம் நிக்கிற மாதிரி, லேண்டருக்கு ஒரு வருஷம் முன்னாடியே போகணும்ங்கிறது என் கட்சி. அதுல கேமரா, அந்த சென்சார் இந்த சென்சார்னு ஏத்தாம அனுப்பணும், ஏன்னா கேமராக்காரன் கீழ பாக்கணும்பான், டிஷ்காரன் பூமிய பாக்கணும்பான், ஒரே கலம் ரெண்டு பேருக்கும் திரும்ப முடியாது, கடைசில விட்டுக்குடுக்க சொல்றது டிஷ்காரனத்தான். விஞ்ஞானிங்க கோச்சுக்கிட்டா கோச்சுக்கட்டும்.